கொள்ளைநோயும் கூடாரமும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கூடாரம் அடித்துத் தங்கும் இடத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. பாசறை, கட்டூர், பாடி, பாளையம் என்பன பழையவை. முகாம், டேரா என்பன பிற்கால ஆட்சியாளர் வழியாக வந்து நம் வழக்கில் ஊன்றியவை. கேம்ப் என்னும் ஆங்கிலச் சொல்லோ இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை வரை ஏறிவிட்டது. இச்சொற்களுள் பெரும்பாலானவை போர்த்தொழிலோடு பிறந்தவை. ஆயினும், ஊரையும் வீட்டையும் விட்டு மக்கள் வெட்டவெளியில் தங்க நேர்ந்ததற்குப் போருக்கு நிகரான காரணம் ஒன்று உண்டு. அது கொள்ளைநோய்.

2020ஆம் ஆண்டில் கொரோனா உலகைச் சூழ்ந்தபோது, விடுதிகளையும் விமானங்களையும் அஞ்சிய மேலைநாட்டு மக்கள் சக்கரங்களின்மேல் அமைந்த வீடுகளை நாடினர். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட அவ்வண்டிகளில் ஏறிக் காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சென்று தங்கினர். 2021இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஏறத்தாழ 6 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அத்தொழில் அதற்குமுன் காணாத எண்ணிக்கை அது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள அரசும் வண்டிவீட்டுச் சுற்றுலாவிற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி என்றே அறிந்திருந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். உண்மையில் இது மிகப் பழைய வழக்கத்தின் புதிய உருவம். அவ்வழக்கத்தின் வரலாற்றை மணலி, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என நீளும் நம் நிலத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

1. உமணர் வண்டி

சக்கரத்தின்மேல் வீடு என்னும் எண்ணத்திற்குத் தமிழில் முதற் சான்று தேடுவோர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படைக்குச் செல்ல வேண்டும். அதன் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். கச்சியில் இருந்து ஆண்டவன். நம் மணலியும் எண்ணூரும் அத்தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தவையே. அந்நூலில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைப் புலவர் வருணிக்கும் பகுதி, ஒரு வீட்டுச் சாமான் பட்டியலைப் போன்றே அமைந்துள்ளது. புல்லால் வேய்ந்த கூரை உண்டு. கோழி அடையும் கூடு உண்டு. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி நிறைந்த கலம் வண்டியின் முன்புறத்தில் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வலிமை மிக்க ஆடவர் வேப்பிலை விரவிய கண்ணியை அணிந்து உடன் நடக்கின்றனர்.

சிறுபாணாற்றுப்படையில் உமணரின் பிள்ளைகள், அவர்களோடு வழிவந்த மந்தியுடன் விளையாடும் காட்சி வருகிறது. வண்டியோடு பெண்டும் பிள்ளையும் வளர்ப்பு விலங்கும் சென்றன என்பதற்கு இதுவும் சான்று. ஊருக்கு ஊர் செல்வோர் குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்லவில்லை. ஊரையே சிறு அளவில் வண்டியில் ஏற்றிச் சென்றனர்.

உமணர் நோய்க்கு அஞ்சி அலைந்தவர் அல்லர், பிழைப்பிற்காக அலைந்தவர். எனினும் பின்வந்த காலங்களில் நோய்க்கு அஞ்சி வெளியேறிய மக்களுக்குக் கைகொடுத்தது இவ்வண்டி வாழ்க்கையின் அறிவுதான். எந்த மரத்தடியில் இறங்குவது, எந்த நீரைக் குடிப்பது, மழை வந்தால் வண்டியை எத்திசையில் நிறுத்துவது என்பன போன்ற செய்திகளை வண்டிக்காரர் அறிந்திருந்தனர். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளின் உப்பளங்கள் அண்மைக் காலம் வரை உப்பு வண்டிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால், உமணர் நமக்கு அத்துணைத் தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

2. சத்திரமும் தோப்பும்

வண்டியில் செல்வோர்க்கு இறங்க இடம் வேண்டும். சாலையோரத்துச் சத்திரமும், குளமும், அதனை ஒட்டிய தோப்பும் அவ்விடத்தை நல்கின. வடக்கே செல்லும் பெருவழியில் இன்றும் ஜனப்பன்சத்திரம் என்று ஊர்ப்பெயராகவே நிற்கும் சொல் அக்காலத்தின் எச்சம். சத்திரத்துள் இடம் கிடைத்தோர் சிலரே. பெரும்பாலோர் வண்டியை அவிழ்த்து, எருதுகளைக் கட்டி, மூன்று கல் கூட்டி உலையேற்றியது தோப்பில்தான்.

இலக்கிய அன்பர்க்கு மணலி என்றதும் நினைவிற்கு வருபவர் இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். ஆளுநர் பிகட் காலத்தில் கும்பினியாரின் துபாஷியாக விளங்கிய அவர், கோட்டைக்காக இடிக்கப்பட்ட பழைய நகரக் கோயிலுக்கு மாற்றாகச் சென்னக் கேசவர், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் எழப் பெருந்துணை புரிந்தவர். அந்நூற்றாண்டில் செல்வர்தம் பெயரை நிறுத்திய அறங்கள் கோயிலும் குளமும் சத்திரமும் தோப்புமே ஆகும். வழிப்போக்கன் தங்கும் நிழலும் அறத்தின் கணக்கில் சேர்ந்திருந்தது.

இராயபுரத்தில் மற்றொரு சத்திரத்தின் வரலாறு கருதற்குரியது. 1782ஆம் ஆண்டில், ஐதர் அலியுடன் நடந்த போரை ஒட்டிப் பஞ்சம் வந்தது. ஊர்களை விட்டு நகரின் வாயிலில் வந்து விழுந்த மக்களுக்குக் கஞ்சி வார்க்க ஓர் இடம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் மேற்பார்வையில் நடந்ததால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் அங்கே நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை முதியோர் அதனை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். பஞ்சமும் நோயும் துரத்த வந்தவர் தங்கிய வெளி, மருத்துவமனையாக மாறிய இக்கதையை நாம் போதிய அளவு எழுதவில்லை.

3. வாந்திபேதியும் படை முகாமும்

1817இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி, அடுத்த ஆண்டே சென்னையை எட்டியது. சாலைகளின் வழியாகவும், படைகளின் வழியாகவும், திருவிழாக் கூட்டங்களின் வழியாகவும் அது நடந்தது. முகாம் வாழ்க்கை அதற்குத் தடையாக நிற்கவில்லை. சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ தாம் பெரிதும் நேசித்த மாவட்டங்களிடம் விடைபெறச் சுற்றுப்பயணம் புறப்பட்டு, 1827 சூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் முகாமிட்டிருந்தபோது வாந்திபேதியால் மாண்டார். ஆளுநரின் கூடாரத்துள்ளும் நோய் நுழைந்தது.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படைத்துறை ஒரு விதியை வகுத்துக்கொண்டது. பாசறைக் கட்டடங்களில் வாந்திபேதி தலைகாட்டினால் சிப்பாய்களை உடனே வெளியேற்றிக் கூடாரங்களில் குடியமர்த்த வேண்டும். அங்கும் நோய் தொடர்ந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக மறுபடியும் நகர வேண்டும் என்பதே அது. கெட்ட காற்றே நோயைக் கொணர்கிறது என்று அக்கால மருத்துவர் நம்பினர். நோய் நீரில் இருக்கிறது என்று இலண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் காட்டியும், இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் கிருமியை உறுதிசெய்த பின்னரும் கூட, பழைய நம்பிக்கை எளிதில் அகலவில்லை. ஆனால் இடம் மாறியபோது கிணறும் மாறியது. அசுத்தமான நீரை விட்டு வேறு நீருக்குச் சென்றதனால் பலர் பிழைத்தனர். காரணம் தவறாக இருந்தும் காரியம் பலித்தது. கூடாரத்தின் பயனை மருத்துவ நூல்கள் விளக்குமுன் நடைமுறை கண்டுகொண்டது என்பதற்கு இது முதற் சான்று. அடுத்த சான்று இன்னும் வலுவானது.

4. பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவிப் பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. மிகச் சில பிரிவுகளே கொண்ட அச்சட்டம் அரசிற்கு அளவற்ற அதிகாரத்தை அளித்தது. வீடு புகுந்து சோதிக்கலாம், நோயுற்றோரையும் உறவினரையும் பிரித்து முகாமில் அடைக்கலாம், பயணிகளை நிறுத்தலாம். புனேயில் அவ்வதிகாரம் செலுத்தப்பட்ட முறை மக்களைக் கொதிக்கச் செய்தது. பிளேக் அதிகாரி ராண்ட் 1897 சூன் 22ஆம் நாள் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார்.

சென்னை மாகாணம் பயணிகளுக்குப் பிளேக் கடவுச்சீட்டு என்ற ஒன்றை வகுத்தது. நோயுள்ள ஊரிலிருந்து இரயிலில் வந்திறங்குபவர் அச்சீட்டைப் பெற்றுத் தாம் சேரும் ஊரில் 10 நாள் வரை அதிகாரியின்முன் தோன்றிக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2020இல் மாவட்ட எல்லையைக் கடக்க நாம் கைப்பேசியில் காட்டிய இ-பாஸ், இச்சீட்டின் கொள்ளுப்பேரன் எனலாம்.

அதிகாரம் அடைத்த முகாமை வெறுத்த மக்கள், தாமே அமைத்துக்கொண்ட முகாமை வெறுக்கவில்லை என்பது இவ்வரலாற்றில் தலையாய செய்தி. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறும் வழக்கம் தக்காணத்திலும் மைசூர் நாட்டிலும் கோவைப் பகுதியிலும் பரவியது. வயல்வெளியில் கீற்றுக் கொட்டகை போட்டு வாரக்கணக்கில் தங்கினர். 1898இல் பால் லூயி சைமன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கண்டறிந்தார். எலி சாகவே, பசித்த பூச்சி மனிதர்மேல் தாவுகிறது. எனவே எலி விழுந்த வீட்டை விட்டு நீங்குவதே உயிர் காக்கும் வழி. மருத்துவ உலகம் இதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வயலில் கொட்டகை போட்டுப் பிழைத்துவிட்டன.

வெளியேற்றம் நகரங்களின் உருவத்தையே மாற்றியது. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியதை ஒட்டி, நெருக்கமான பேட்டைகளை விட்டு மக்கள் காற்றோட்டமாக வாழ மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் நிற்கின்றன. நோயின் பெயரைத் தெய்வத்தின் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்ட மக்களின் நினைவாற்றல் வியத்தற்குரியது. சென்னை நகரமோ பிளேக்கின் பெருங்கொடுமைக்கு ஆளாகாமல் தப்பியது. இங்குள்ள எலிகளின்மேல் வாழ்ந்த தெள்ளுப்பூச்சி பெரிதும் வேறோர் இனம் என்றும், அது நோயைத் திறம்படக் கடத்தவில்லை என்றும் பின்னர் ஆய்வாளர் விளக்கினர். சென்னையைக் காத்ததில் ஒரு பூச்சிக்கும் பங்குண்டு.

5. இரண்டு இரயில் நிலையங்கள்

தமிழ்நாட்டு இரயில் பாதையில் இரண்டு நிலையங்களின் பெயர்கள் இவ்வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. ஒன்று மண்டபம் கேம்ப். மற்றது தாம்பரம் சானடோரியம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர், கரை கடக்குமுன் நோய்த்தடுப்பு முகாமில் தங்க வேண்டியிருந்தது. தூத்துக்குடி வழியே கொழும்பிற்குச் சென்ற காலத்தில் தட்டப்பாறையில் முகாம் இருந்தது; இலங்கைக் கரையில் இராகமையில் ஒன்று இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பின் மண்டபம் முதன்மை பெற்றது. கங்காணி திரட்டிக் கொணர்ந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அங்கே வரிசையில் நின்றனர். உடைகள் நீராவியில் இடப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, வயிற்றுப் புழுவிற்கு மருந்து புகட்டப்பட்டது, சில நாள் காத்திருப்பிற்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத் துண்டொன்று கழுத்தில் தொங்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர்தம் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் மண்டபம்தான் வரவேற்றது. 1983க்குப் பின் ஈழத்து ஏதிலியர் வந்திறங்கியதும் அங்கேதான். கடற்காற்று வீசும் அமைதியான அந்நிலத்தை இயற்கை எழிலுக்காகத் தேடி வந்தோர் அல்லர் அவர்கள்.

தாம்பரம் சானடோரியம் வேறு வகை. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் திறந்த வெளியும் தூய காற்றும் ஓய்வுமே மருத்துவம் என்று கருதப்பட்டது. இங்கிலாந்தில் அம்முறையில் பயின்று புகழ்பெற்ற மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் அதனை நிறுவினார். மரங்களுக்கிடையே காற்று உலவும் கூடங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கினர். 1918இல் இன்ஃபுளுவென்சா உலகை வாட்டியபோது அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகிலும் நோயாளிகளைக் கூடாரங்களில் வெயிலும் காற்றும் படக் கிடத்திப் பேணினர்.

ஒரு நிலையத்தின் பெயரில் கட்டாயம் இருக்கிறது. மற்றதன் பெயரில் ஆறுதல் இருக்கிறது. முகாம் என்னும் சொல்லின் இரு முகங்கள் இவை.

6. பெரியபாளையம்

மேற்கூறியவை அரசும் மருத்துவரும் அமைத்த முகாம்கள். மக்கள் தாமே அமைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பேணிய முகாம் ஒன்று நமக்கு வெகு அருகில் உள்ளது. ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையம்தான் அது. பாளையம் என்ற சொல்லுக்கே படை இறங்கிய இடம் என்பது பொருள். தலக்கதையும் ஒரு பயணியின் கதையே. ஆந்திர நாட்டிலிருந்து வந்த வளையல் வணிகர் வழியில் இளைப்பாறியபோது அவருடைய வளையல்கள் புற்றுக்குள் மறைந்தன என்றும், பவானியம்மன் தன்னை உணர்த்தினாள் என்றும் அது கூறும்.

ஆடி பிறந்தால் காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் மணலி, மாதவரம் ஊர்களிலிருந்தும் கூண்டு வண்டிகள் வரிசையாகப் புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. புழலும் செங்குன்றமும் காரனோடையும் கடந்து, ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி, கன்னிகைப்பேர் வழியாக அவை சென்றன. வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடியது. வண்டிக்குள் பானையும் அரிசியும் கருவாடும் கோழியும் இருந்தன. ஆற்றங்கரையிலும் தோப்பிலும் வண்டியை அவிழ்த்து, புடைவையும் தார்ப்பாயும் கட்டி, இரண்டு மூன்று நாள் குடும்பத்தோடு தங்கினர். உமணர் வண்டியைப் பற்றிப் புலவர் கொடுத்த பட்டியலுக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. பிற்காலத்தில் லாரியும் டெம்போவும் வண்டியின் இடத்தைப் பிடித்தன. மரத்தடியும் மூன்று கல்லும் மாறவில்லை.

இப்பயணத்தின் உள்ளீடு நோய். அம்மை கண்டு பிழைத்த குழந்தைக்காக நேர்ந்துகொண்டோர் வேப்பஞ்சேலை உடுத்தி வலம் வந்தனர், முடி இறக்கினர், பொங்கலிட்டனர். அம்மை கண்ட வீட்டில் நம் பெண்கள் கடைப்பிடித்த ஒழுங்குகள் யாவும் நாம் அறிந்தவை. வாயிலில் வேப்பிலை செருகுவர்; வெளியார் உள்ளே வாரார்; வீட்டார் பிறர் வீடு செல்லார்; தாளிதம் இராது; தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை விலகியிருத்தல் தொடரும். விலகியிருக்கும் நாட்களுக்குப் பின், ஊரோடு சேர்ந்து வெளியில் சென்று தங்கி மகிழும் நாட்கள். நோயின்போது தனிமை, நோய் நீங்கியபின் கூட்டம் என்ற இவ்வரிசை ஆழ்ந்த பொருளுடையது. கிண்டி கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்துத் தந்தது. 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகம் முழுதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று. நேர்த்திக்கடனும் பயணமும் நிலைத்தன.

2020 ஆடியில் அப்பயணமும் நின்றது. மார்ச் இறுதியில் அடைக்கப்பட்ட பெருங்கோயில்களின் வாயில்கள் செப்டம்பர் முதல் நாளில்தான் திறந்தன. நோய்க்காகவே பிறந்த விழா நோயாலேயே நின்ற முரண் அது.

7. எண்ணூரின் காற்று

நோய்க்காலத்தில் ஒதுங்குவதற்கேற்ற வெளி நம் பகுதியிலேயே இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் நம்ப மாட்டார்கள். பாசில் காக்ரேன் என்பவர் முயற்சியால் வெட்டப்பட்ட கால்வாய் 1806இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. பின்னர் வடக்கும் தெற்கும் நீண்ட அது, 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களின் உழைப்பால் நகருக்குள்ளும் இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகளில் ஓடக்காரக் குடும்பங்கள் சமைத்து உண்டு உறங்கிப் பயணம் செய்தன. நீரின்மேல் மிதந்த வீடுகள் அவை. நகரத்து ஐரோப்பியர் காற்று வாங்கவும் படகோட்டவும் எண்ணூர்க் கழிமுகத்தை நாடினர்.

அந்நிலம் மாறிய வேகம் பெரிது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. உர ஆலை தொடர்ந்தது. 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம் எழுந்து 2017 வரை புகைந்தது. 1994இல் வடசென்னை அனல் மின்நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. இவை நாட்டிற்கு ஒளியும் எரிபொருளும் நம் இல்லங்களுக்குச் சோறும் தந்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் உப்பளத்தில் சாம்பல் படிந்தது. கழிமுகத்தின் ஆழம் குறைந்தது. தோப்புகள் கொள்கலன் கிடங்குகள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். காற்றுக்காக நாடப்பட்ட ஊரில் காற்றுக்கு அஞ்சி ஓட நேர்ந்தது.

8. அடைபட்ட நகரம்

2020 மே, சூன் திங்கள்களில் சென்னையில் கொரோனா மிகுதியாகக் காணப்பட்ட மண்டலம் இராயபுரம். தண்டையார்பேட்டை அதனை அடுத்து நின்றது. காரணம் விளங்காத புதிர் அன்று. ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் ஒருவரை எங்ஙனம் தனிமைப்படுத்துவது? பொதுக் குழாயிலும் பொதுக் கழிப்பறையிலும் ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது? மாநகராட்சி பள்ளிகளையும் திருமண மண்டபங்களையும் கல்லூரி விடுதிகளையும் நந்தம்பாக்கம் வணிக வளாகத்தையும் நோயாளிகளுக்காகத் திறந்தது. அதே 1897ஆம் ஆண்டுச் சட்டமே அப்போதும் கைக்கொள்ளப்பட்டது.

இந்திய இரயில்வே 5,231 பெட்டிகளைத் தனிமை அறைகளாக மாற்றியது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரத்தைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி தனிச் சுவை உடையது. சக்கரங்களின்மேல் மருத்துவமனை என்னும் அவ்வெண்ணம் அழகியது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை நோயாளியைக் காணாமலே திரும்பின. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்கு மரத்தடியின் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

அதே காலத்தில் வடமாநிலத் தொழிலாளர் பலர் மூட்டையைத் தலையில் வைத்துக் கல்கத்தா நெடுஞ்சாலையில் கால்நடையாகப் புறப்பட்டனர். சாலையோர மரத்தடிகளில் உறங்கினர். உலகின் ஒரு மூலையில் வண்டிவீடு வாங்கியோர் வனத்தின் அமைதியைத் துய்த்த அதே இரவுகளில், மற்றொரு மூலையில் வீடே இல்லாதோர் அதே வானத்தின்கீழ்க் கிடந்தனர். இருசாராரும் கூரை விட்டு வெளியே வந்தவரே. ஒருவர் விரும்பி வந்தார். மற்றவர் விரட்டப்பட்டு வந்தார்.

9. எஞ்சும் வினா

இவ்வரலாற்றிலிருந்து சில உண்மைகள் தெளிவாகின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் நெருக்கத்தை விட்டு வெளியிடத்தில் தங்குதல் அறிவுடைய செயல் என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வாந்திபேதியில் நீரும், பிளேக்கில் எலியும், காசநோயிலும் கொரோனாவிலும் காற்றும் காரணமாக இருந்தும், வெளியேறுதல் என்னும் ஒரே செயல் பலமுறை கைகொடுத்தது. ஆனால் வெளியேறுவதற்கு ஒரு வெளி வேண்டும். குளமும் நிழலும் யாவர்க்கும் உரிய தரையும் வேண்டும். அவை இருந்தபோது ஏழையும் வண்டியை அவிழ்த்தான். அவை போனபின் வெளியிடம் விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஏழைக்கு எஞ்சியது பிறர் அடைக்கும் முகாம். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் மணலியின் ஓரறைக் குடும்பம் எந்த மரத்தடிக்குச் செல்லும் என்னும் வினாவிற்கு நம்மிடம் விடை இல்லை.

ஏரிகளைத் தூர்வாருவதும் நிலத்தைக் காப்பதும் அரசின் கடமைகள். கடப்பாக்கம் ஏரி போன்ற நீர்நிலைகள் இன்னும் எஞ்சியிருப்பது ஆறுதல். புலவர்க்கும் ஒரு கடமை உண்டு. பெருஞ்சாலையில் சென்ற உப்பு வண்டியைப் புலவர் ஒருவர் நின்று பார்த்து எழுதியதனால் அதன் கோழிக்கூடும் உரலும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழித்தும் நம்மிடம் உள்ளன. பெரியபாளையத்திற்குக் கூண்டு வண்டியில் சென்ற பாட்டிமார் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர். வழியில் அவர்கள் பாடிய பாடல்கள், இறங்கிய தோப்புகளின் பெயர்கள், அம்மை கண்ட வீட்டின் ஒழுங்குகள், கால்வாய்ப் படகில் பிறந்து வளர்ந்தோர் நினைவுகள் ஆகியன எழுத்தில் ஏறாமல் நாள்தோறும் குறைந்து வருகின்றன. பத்தாண்டுகள் கவிதை படித்தும் கேட்டும் வளர்ந்துள்ள நம் வட்டம், பதினோராம் ஆண்டில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அப்பாட்டிமாரிடம் செல்லுமானால், இம்மலரினும் சிறந்த மலர் ஒன்று நமக்குக் கிடைக்கும். வரும் ஆடிக்குள் அப்பணியைத் தொடங்குவோம்.